பிரேக் வேலைக்குப் பின் வந்த சத்தம்

பழைய காருக்கு பிரேக் வேலை முடித்து வீடு திரும்பும் வழியிலேயே, அதுவரை கேட்காத ஒரு சத்தம் தொடங்கிவிடுவது உண்டு. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் கொண்ட தொடக்க கால அம்பாசடரை வைத்திருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரான வண்டி அது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டியை விண்டேஜ் என்று 2021இல் திருத்திய மோட்டார் வாகன விதிகள் ஏற்கின்றன. ஆகவே தொடக்க கால அம்பாசடர்கள் இன்று அந்த வரிசையில் சேர்ந்துவிட்டன.

சத்தம் கேட்டதும் சந்தேகம் நேராகப் போய் நிற்பது, கடைசியாக வண்டியில் கை வைத்தவர் மேல்தான். நேற்று இல்லை, இன்று இருக்கிறது. நடுவில் நடந்தது பிரேக் வேலை ஒன்றுதான். இந்தக் கணக்கைத் தப்பு என்று தள்ளிவிட முடியாது. பல நேரம் அது சரியாகவே இருக்கும். ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் உலகத்தில் நடக்கிறது. மணிமேகலையில் சமயக்கணக்கர் பேசும் காதை, விளைவைக் கண்டு காரணத்தை அறியும் முறைக்கு ‘எச்சம்’ என்று பெயர் சொல்கிறது. ஆற்றில் வெள்ளம் வந்தால் மேலே மழை பெய்திருக்கிறது என்று அறிவதுதான் அங்கே காட்டப்படும் உதாரணம். இன்றைக்கு அதே வெள்ளம் அணை திறந்ததாலும் வரலாம். சத்தத்தை வைத்துக் காரணம் தேடும்போதும் நிலைமை இதுதான்: ஒரே சத்தத்துக்கு இரண்டு மூன்று ஊற்றுகள் இருக்கும்.

தேடும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சக்கரங்களின் நட்டு இறுகியிருக்கிறதா என்று ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டும். பெடல் மெல்லக் கீழே இறங்கினாலோ, பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, சத்தத்தை ஆராய வண்டியை ஓட்டிப் பார்ப்பது ஆபத்து. அதை நின்ற இடத்தில் வைத்தே சரி செய்ய வேண்டும்.

அடுத்தது சத்தத்துக்குப் பெயர் வைப்பது. இதில் தமிழ் கொடுத்து வைத்த மொழி. கீச், கரகர, சரக் சரக், டக், கடகட என்று வாயில் தானாக வரும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோளாறின் அடையாளம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ‘கீச்’ என்றால் ஷூவின் மேல் பொருத்திய லைனரின் மேற்பரப்பு பளபளப்பேறிப் போயிருக்கலாம், அல்லது ஷூ உரசும் இடத்தில் பின்தட்டுக்குக் கிரீஸ் தடவாமல் விட்டிருக்கலாம். ‘கரகர’ என்றால் லைனரைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை டிரம்மைத் தொடுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். தள்ளிப்போட்டால் டிரம்மில் பள்ளம் விழும். பிரேக்கைத் தொடாமலே சுற்றுக்கு ஒருமுறை ‘சரக்’ என்று லேசாக உரசினால், டிரம்மின் வட்டம் கோணியிருக்கிறது அல்லது ஷூவைச் சற்று நெருக்கி வைத்திருக்கிறார்கள். புது லைனர் படிகிறவரை கொஞ்சம் உரசுவது இயல்புதான். ஹப்பைக் கழற்றி மாட்டியிருந்து, அடித்தொண்டையில் உறுமுவது போல ஒரு சத்தம் வந்தால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போவதால், உறுமல் கூடுவதை வைத்தும் குறைவதை வைத்தும் அது எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

காது சொல்வதைக் கணக்கால் சரிபார்க்க எளிய வழி உண்டு. அம்பாசடரின் 15 அங்குல ரிம்மில் டயரோடு சேர்த்து ஒரு சுற்று சுமார் 2 மீட்டர். மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டினால் சக்கரம் வினாடிக்கு ஒருமுறை சுற்றும். சத்தமும் வினாடிக்கு ஒன்று என்றால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. வினாடிக்கு நான்கைந்து என்றால் புரொப்பெல்லர் ஷாப்ட் பக்கம் தேட வேண்டும். அது சக்கரத்தைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றுகிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு, நீளமான மதில் சுவரை ஒட்டி ஓட்டினால் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் காதில் விழும்.

மிகவும் குழப்புவது ‘டக்’தான். பெடலை மிதித்ததும் அல்லது விட்டதும் ஒரே ஒரு தட்டு. லைனர் புதிது, ஸ்பிரிங் புதிது, எல்லாம் இறுக்கமாக இருக்கிறது, ஆனாலும் தட்டுகிறது. காரணம் கடைசல் பட்டறையில் பிறந்திருக்கக் கூடும். தேய்ந்த டிரம்மை லேத்தில் மாட்டிக் கடையும்போது, கத்தி உட்புறச் சுவரில் நகர்ந்துகொண்டே வெட்டுகிறது. அது விட்டுப்போகும் கோடு வட்டமாக மூடுவதில்லை. போல்ட்டின் புரி போலச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும், நகத்தை வைத்து இழுத்தால் நரநரக்கும். பிரேக் பிடிக்கும்போது ஷூ அந்தப் புரியில் ஏறி, பின்தட்டிலிருந்து மெல்ல விலகுகிறது. ஸ்பிரிங் பொறுத்துப் பார்த்து ஒரு கட்டத்தில் அதைப் பின்னுக்கு இழுத்துப் பின்தட்டின் மேல் அடிக்கிறது. வலப்பக்கமும் இடப்பக்கமும் டிரம்கள் எதிரெதிராகச் சுற்றுவதால், ஒரே திசையில் கடைந்த இரண்டு டிரம்களில் ஒன்றில் மட்டுமே ஷூ வெளியே ஏறும். வண்டியைப் பின்னால் எடுத்து பிரேக் பிடித்தால் சத்தம் பக்கம் மாறலாம். பக்கம் மாறினால் புரிதான் காரணம் என்ற ஊகம் பலப்படும். உப்புத்தாளைக் குறுக்காகத் தேய்த்து அந்தக் கோட்டைக் குலைத்துவிட்டால் தட்டு நின்றுவிடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது. டிரம்முக்குள் படிந்த தூசியை வாயாலோ ஏர் பைப்பாலோ ஊதாமல், ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

இன்னொரு புதிர், வேகம் எடுத்ததும் மறையும் ‘கடகட’. ஹப் கேப்புக்குள் ஒரு நட்டோ கூழாங்கல்லோ சிக்கியிருந்தால் இப்படித்தான் ஒலிக்கும். மெதுவாகச் சுற்றும்போது அது மேலே ஏறி ஏறி விழுகிறது. மணிக்கு 12 கிலோமீட்டர் வாக்கில் சுழற்சியின் விசை அதை ஓரத்தோடு ஒட்டிவிடுகிறது. சத்தம் காணாமல் போகிறது. வண்டி நிற்கப் போகும்போது மறுபடி தொடங்குவதால், கேட்பவருக்கு அது பிரேக் சத்தமாகவே தோன்றும். லைனரைக் கழற்றுவதற்கு முன் ஹப் கேப்பைக் கழற்றி உதறிப் பார்ப்பது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இவை வேலையில் நேர்ந்தவை. காரணம் வேலையாக இருந்தும் அதில் குற்றம் ஏதும் இல்லாத சத்தங்களும் உண்டு. நியாயம் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஜாக்கி வைத்துத் தூக்கியபோது சக்கரங்கள் தொங்கி, பல ஆண்டு ஒரே நிலையில் இறுகிக் கிடந்த பட்டை ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கலாம். சைலன்சர் குழாய் அரை அங்குலம் நகர்ந்து அடித்தளத்தைத் தொடலாம். அதைவிட முக்கியமானது, பிரேக் இப்போது நன்றாகப் பிடிக்கிறது என்பதே. வலுவிழந்த பழைய பிரேக் முன் சஸ்பென்ஷனை ஒருநாளும் உலுக்கியதில்லை. புது லைனர் கவ்விப் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னே சாய்கிறது. தேய்ந்து போயிருந்த புஷ்ஷும் ஜாயிண்ட்டும் முதல்முறையாக வாய் திறக்கின்றன. பிரேக் வேலை நடக்காமல் இருந்திருந்தால் இந்தச் சத்தம் வந்திருக்காது. ஆனாலும் அந்த மெக்கானிக் தவறு ஏதும் செய்யவில்லை. காரணமானவரையே குற்றவாளி என்று எண்ணும் பழக்கத்தால் நெடுநாள் உறவுகள் முறிந்திருக்கின்றன, வீட்டிலும் பட்டறையிலும்.

காதின் பங்கும் இதில் சிறிதல்ல. பணம் செலவழித்த அன்று எல்லோரும் உன்னிப்பாகக் கேட்கிறார்கள். மாதக்கணக்கில் இருந்த உரசல் அன்றுதான் காதில் விழுகிறது. வேலைக்கு விடுவதற்கு முந்தின நாள் வண்டியை ஒருமுறை ஓட்டி, இருக்கிற சத்தங்களைத் தாளில் குறித்து வைத்தால் இந்த மயக்கம் வராது.

பட்டறைக்குத் திரும்பும்போது சொல்கிற சொல்லும் முக்கியம். “அண்ணே, லைனர் வேலை சரியில்ல” என்று தொடங்கினால், அவர் தன் வேலையைக் காப்பாற்றத்தான் பேசுவார். “அண்ணே, ஒரு ரவுண்டு வாங்க. மெதுவா பிரேக் பிடிச்சா ‘டக்’குன்னு ஒண்ணு கேக்குது, என்னன்னு பாருங்க” என்றால் அவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து காதைக் கொடுப்பார். முன்னதில் தீர்ப்பு இருக்கிறது. பின்னதில் சத்தம் மட்டும் இருக்கிறது. அவர் கையால் மாட்டிய ஸ்பிரிங் எந்தத் துளையில் இருக்கிறது, எந்தப் பக்க டிரம் கடைசலுக்குப் போனது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அந்த அறிவு உதவிக்கு வர வேண்டும் என்றால் அவர் எதிரே நிற்காமல் கூடவே இருக்க வேண்டும்.

பிறகு ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நான்கு சக்கரத்தையும் ஒரே நாளில் பிரித்து மாட்டினால் சத்தம் நிற்கலாம், எதனால் நின்றது என்று தெரியாது. புது லைனர் சில நூறு கிலோமீட்டர் ஓடிப் படிந்த பின் எப்படியும் ஒருமுறை அட்ஜஸ்ட் செய்ய வேண்டியிருக்கும். சத்தம் கொடுத்த அந்தப் பக்க டிரம்மை அப்போது கழற்றி, உட்புறச் சுவரில் நகத்தை வைத்து இழுத்துப் பார்க்கலாம். கடைசல் விட்டுப்போன புரி அதற்குள் ஷூவின் உரசலில் தேய்ந்திருக்கும்.