ஏழாவது விதி

பிடித்த வகைமை எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். துப்பறியும் கதைதான். பள்ளி லீவில் அத்தை வீட்டுப் பரணில் கிடைத்த ராஜேஷ்குமார் பாக்கெட் நாவல்களில் ஆரம்பித்தது. அப்புறம் சுஜாதாவின் கணேஷ், வசந்த். அப்புறம் அகதா கிறிஸ்டி. இப்போது இரவு பதினோரு மணிக்கு மேல் ஓடிடியில் ஏதாவது ஒரு கொலை. "பொணத்தைப் பாத்தாத்தான் உனக்குத் தூக்கம் வருமா?" என்பாள் மனைவி.

பிணம் அல்ல, முடிச்சு அவிழ்வதுதான் தூக்கத்தைத் தருகிறது. பகல் முழுக்க ஒரு பிழை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறவனுக்கு, 'இவன்தான்' என்று ஒரு விரல் நீள்வதைப்போல ஆறுதல் வேறில்லை.

1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இவ்வகைக் கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். அவரே துப்பறியும் நாவல்கள் எழுதியவர். முதல் விதி: குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே அறிமுகமாகிவிட வேண்டும். ஏழாவது விதி: துப்பறிகிறவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது. பாதி வேடிக்கையாக எழுதப்பட்ட விதிகள்தான். ஆனால் நூற்றுக்கணக்கில் படித்தால் அவை நமக்குள் இறங்கிவிடும் என்று நினைக்கிறேன். குற்றவாளி என்று ஒருவன் உண்டு. அவன் இந்த அறையில்தான் இருக்கிறான். தேடுகிற நான் அவன் இல்லை.

சில வருடங்களுக்கு முன், அப்போது நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு பேமென்ட் சர்வீஸ் படுத்துவிட்டது. 'கிட்' மென்பொருளில் 'பிளேம்' என்றே ஒரு கட்டளை உண்டு. எந்த வரியை யார், எப்போது கடைசியாகத் தொட்டார்கள் என்று காட்டும். காட்டியது. சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத ஒரு பையன், அன்று மாலைதான் அங்கே கை வைத்திருந்தான். அவன் மாற்றத்தை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தோம். சரியாகிவிட்டது. வேறென்ன சாட்சி வேண்டும்?

திங்கட்கிழமை மீட்டிங்கில், பதினைந்து பேர் முன்னால், புவாரோ எல்லோரையும் வரவேற்பறையில் உட்காரவைத்துப் பேசுவதைப்போல, ஒவ்வொரு தடயமாகத் திரையில் காட்டினேன். கடைசியில் அவன் பெயர். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தக் கணம் நன்றாக இருந்தது. "டெஸ்ட் பண்ணித்தான் போட்டேன்ணா" என்று மட்டும் சொன்னான். மூன்று மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான்.

அவன் போன பிறகு சர்வீஸ் மறுபடியும் அதேபோலப் படுத்தது. இம்முறை காரணம் கிடைத்தது. கான்ஃபிக் ஃபைலில் ஒரு டைம்அவுட் மிக நீளமாக வைக்கப்பட்டிருந்தது. கூட்டம் கூடினால் கனெக்‌ஷன்கள் தேங்கித் தீர்ந்துபோகும். அன்றிரவு காப்பாற்றியது ரீஸ்டார்ட்தான், அவன் மாற்றத்தை எடுத்தது அல்ல. பிளேம் கட்டளையை ஓட்டினேன். என் பெயர் வந்தது.

பழியைக் கதைகள்மேல் போடுகிறேனா? போட்டால் அதுவும் அதே பழக்கம்தான். கதை என்னை எதையும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் எதில் இன்பம் காண்பது என்று பழக்கியிருக்கிறது. வெற்றிமாறனின் 'விசாரணை'யை என்னால் ஒருமுறைதான் பார்க்க முடிந்தது. ஆட்டோ ஓட்டுநராக இருந்த மு. சந்திரகுமார், குண்டூர் லாக்கப்பில் தான் பட்டதை எழுதிய நாவலிலிருந்து வந்த படம். அங்கே வழக்கை முடிக்க ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைக்கிறான். செய்தவன் யார் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. அவர்கள் கையில் லத்தி இருந்தது, என் கையில் ஸ்லைடு இருந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். ஆனால் முடித்துவிட வேண்டும் என்ற அந்த அவசரம் எனக்குத் தெரிந்ததுதான்.

எங்கள் துறையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கோளாறு நடந்தால் 'யார்' என்று கேட்காதே, 'எது, ஏன்' என்று கேள். பழிசுமத்தாத ஆய்வு. அந்தப் பையன் விஷயத்தில் அது எனக்கு நினைவே வரவில்லை. என் பெயர் வந்த அன்று உடனே வந்தது. அறிக்கையில் 'கான்ஃபிக் மதிப்பில் பிழை' என்று எழுதினேன். எழுதியவர் பெயர் இல்லை. எல்லாம் விதிப்படிதான்.

அவனுக்கு ஒரு நீண்ட மெசேஜ் அனுப்பி மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா" என்று பதில் வந்தது. தனியாகக் கேட்ட மன்னிப்பு. பெயரைச் சொன்னது பதினைந்து பேர் முன்னால். அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை.

துப்பறியும் கதைகளை விடவில்லை, விடவும் முடியாது. நேற்றுகூட ஒன்று பார்த்தேன். முடிச்சு அவிழ்ந்தது, குற்றவாளி மாட்டினான். தூக்கம் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.