ஒட்டாது

வண்ணார்பேட்டையில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. மருந்துக் கடைக்கும் ஸ்கேன் சென்டருக்கும் கூடத்தான். மலத்தில் ரத்தம் போகிறது என்று சொல்லத்தான் வாய்க்குப் பஞ்சம். சூடு என்போம், மூலம் என்போம். ஆச்சி வெந்தயம் ஊறப்போட்டுத் தருவாள். பெரும்பாலும் அது மூலமாகவே இருந்துவிடுகிறது. நம்ப வைப்பதும் அதுதான். முப்பத்தேழு வயதில் பெருங்குடலில் கட்டி என்று கொலனோஸ்கோபி பார்த்த டாக்டர் சொன்னபோது, அவர் என்னைவிடச் சின்னவராகத் தெரிந்தார்.

*

ஆறு வயது மகள் ஒன்றுதான் கேட்டாள்: "அப்பா, இது எனக்கு ஒட்டுமா?"

ஒட்டாது என்றேன். பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். சாவைப் பற்றிக் கேட்பாள் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

*

ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறிய பின் சில நாள் குளிர்ந்த எதையும் தொடக் கூடாது. பச்சைத் தண்ணீர் டம்ளர்கூட விரல் நுனியில் குத்துகிறது. பேராத்துச் செல்வி அம்மன் கோயில் பக்கம் ஆற்றில் மூழ்கி எழுந்த உடம்புக்கு இப்போது வெந்நீர். இன்னொரு மருந்து 46 மணி நேரம் சிறு பம்பு வழியாகச் சொட்டும். மகள் இடுப்பில் அதைப் பார்த்து, அப்பாவுக்குச் சார்ஜ் ஏறுகிறது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். நல்லதுதான், நான் சொல்ல வேண்டிய வேலை மிச்சம்.

*

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். அக்காவே மருத்துவர், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறியவர். அந்த வீட்டிலேயே தடுக்க முடியவில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அவர் தொடங்கியதற்குப் பின்னால் அந்தச் சாவு இருந்தது. தங்கையை நினைத்து முப்பது ஆண்டு உழைத்திருக்கிறார். எனக்கு அந்த மருத்துவமனையைவிட இந்த முப்பது ஆண்டுதான் பெரிதாகப் படுகிறது.

*

லண்டனில் டெபோரா ஜேம்ஸ் என்ற ஆசிரியை. இரண்டு பிள்ளைகளின் தாய். 2016இல், 35 வயதில், குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. மலத்தைக் கவனியுங்கள் என்று ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டே சொன்னார். 2022 ஜூனில் இறக்கும் வரை சொன்னார். நம் தெருவில் ஒருத்தர் அப்படிப் பேசினால், சீ, வாயை மூடு என்பார்கள். பேசட்டும் என்று நான் நினைக்கிறேன்.

*

மகளிடம் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஒட்டாதது வழிவழியாக வரலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்தாண்டு முன்பே, எது முந்தியோ அப்போது கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. அவளுக்கு அது 27. டைரியின் கடைசிப் பக்கத்தில் வருஷத்தோடு எழுதி, அவள் அம்மாவிடம் காட்டியிருக்கிறேன்.

தம்பிக்கு இப்போது 33. ஒன்றும் இல்லண்ணே, நல்லாத்தானே இருக்கேன் என்கிறான். அவன் இந்த மாதமே போக வேண்டும்.