வேகமும் ஐந்தாம் கட்டளையும்

பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்கையில் கோபத்தையும் பொய்யையும் நினைவுகூர்கிறோம்; வண்டியை விரட்டி ஓட்டியதை நினைக்கிறோமா? 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியோ, வேக மோகத்தால் சாலையில் பிறர் பாதுகாப்பைக் குலைப்பதை ‘கொலை செய்யாதே’ எனும் ஐந்தாம் கட்டளையின்கீழ் வைத்து, கனமான குற்றம் என்கிறது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறதன்றோ!

விபத்து நேர்ந்தபின் இறைவன் சித்தம் என்றுவிடுகிறோம். சுவீடன் நாடாளுமன்றம் 1997-இல் வேறுவிதமாக எண்ணியது: மனிதர் தவறவே செய்வர், அத்தவறுக்கு உயிர் விலையாகலாகாது, ஆகவே மனித உடல் தாங்கும் அளவுக்கே சாலையில் வேகம் அமைய வேண்டும். நிதானமாக ஓட்டினால் எரிபொருளும் மிஞ்சும், இரைச்சலும் தணியும்.

திருப்பலிக்குத் தாமதமென விரைவோரும் நம்மில் உளர். 10 கிலோமீட்டர் தொலைவை 60-க்குப் பதில் 50 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் கூடுவது 2 நிமிடம். வருகைப் பாடல்கூட முடிந்திராது.