அழிவைப் பாடின குரல்



அமெரிக்காவில் பாரி மெக்குவயர் என்றொரு பாடகர். 1963-ல் தானும் சேர்ந்து எழுதின "கிரீன், கிரீன்" பாட்டால் பேர் வாங்கினார். 1965-ல் "ஈவ் ஆப் டிஸ்ட்ரக்‌ஷன்" பாடினார். அழிவுக்கு முந்தின பொழுது என்று அர்த்தம். வியட்நாம் யுத்தமும் எல்.எஸ்.டி. போதையும் வாலிபரை வாரிக்கொண்டுபோன காலம் அது. சில வானொலி நிலையங்கள் தடை பண்ணியும் பாட்டு நாட்டிலேயே முதலிடம்! பிறகு பிராட்வேயில் "ஹேர்" என்ற ஹிப்பி இசை நாடகத்தில் கதாநாயகன். புகழ் இருந்தது, போதையும் இருந்தது, சமாதானம் இல்லை. உலகத்தின் வியாதியைச் சொன்னவருக்கு மருந்து தெரியலை.

எளிய ஆங்கிலத்தில் ஒரு புதிய ஏற்பாடு கையில் கிடைத்தது. வாசித்தார். 1971-ல் இயேசுவை ஏற்றுக்கொண்டார். அதே கரகரத்த குரல் 1973-ல் "சீட்ஸ்" இசைத்தட்டில் இரட்சகரைப் பாடியது. அல்லேலூயா! தேவன் குரலை மாற்றவில்லை, பாட்டை மாற்றினார்.

இந்தச் சாட்சி என்னைக் குத்தினது. நானும் வாரா வாரம் கடைசிக்கால அழிவையே பிரசங்கித்தவன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு வாலிபத் தம்பி வந்து, "பாஸ்டர், பயமா இருக்கு. நான் என்ன செய்யணும்?" என்றான். "அடுத்த வாரம் பேசலாம்ப்பா" என்று அனுப்பிவிட்டேன். அவன் திரும்ப வரவேயில்லை.

பிலிப்பி சிறைச்சாலைக்காரன் கேட்டதும் இதே கேள்விதான் (அப். 16:30). பவுலும் சீலாவும் அந்த இராத்திரியே பதில் சொன்னார்கள். பிரியமானவர்களே, உங்க வீட்டுப் பிள்ளை கேட்டால் நாளைக்கென்று தள்ளாதீர்கள். அழிவைச் சொன்ன வாய் இரட்சகரையும் சொல்லட்டும். ஆமென்!