சிறிய நாட்டின் வாக்கு

பலமில்லாத ஒரு நாடு பிறர் செய்யும் அநீதியைப் பற்றி வாய் திறக்கலாமா, திறப்பதானால் யாருடைய அநீதியைக் கண்டிப்பது, யாருடையதைக் கண்டும் மௌனம் சாதிப்பது என்னும் வினா, வல்லரசுகளின் சரித்திரத்தை மட்டும் படிப்பவருக்கு அத்தனை கடினமானதாகத் தோன்றாது. வல்லரசு தவறு செய்தால் அதன் பலனைப் பெரும்பாலும் வேறு யாரோ அனுபவிக்கிறார்கள். சிறிய நாடு தவறு செய்தாலோ, சில சமயங்களில் சரியானதைச் செய்தாலும்கூட, அதன் பலன் சொந்தக் குடிமக்களின் தலையிலேயே வந்து விழுகிறது. ஆகையால், சிறிய நாட்டுக்கு அறம் என்பது ஆடம்பரம், உயிர் தரித்திருப்பதே அதற்கு முதலும் முடிவுமான தர்மம் என்று சொல்லும் ராஜதந்திரிகள் எக்காலத்திலும் இருந்து வந்திருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்தைக் கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது பாதுகாப்பான இடத்தில் இருப்பவர்க்கே எளிது. அது எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் பொய்யாகிறது என்பதைச் சோதித்துப் பார்ப்பதற்குச் சிங்கப்பூரின் வெளியுறவுக் கொள்கையைக் காட்டிலும் ஏற்ற சரித்திரம் கிடைப்பது அரிது.

1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானபோது, அந்தத் தீவுக்கு இருந்தவை ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர் நிலமும், இருபது லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்களும், ஓர் ஆழமான துறைமுகமுமே. குடிநீரில் பெரும்பகுதி மலேசியாவின் ஜோகூரிலிருந்து குழாய் வழியே வந்தது. தெற்கே, பத்துக் கோடி மக்களைக் கொண்ட இந்தோனேசியா ‘கொன்ஃப்ரொன்தாசி’ என்னும் பெயரில் அறிவிக்கப்படாத ஒரு போரை இன்னும் நடத்திக்கொண்டிருந்தது. அதுவரை வெளிநாட்டு விவகாரங்களை லண்டனும் பின்னர் கோலாலம்பூரும் கவனித்து வந்தபடியால், வெளியுறவு அமைச்சு என்ற ஒன்றையே புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பை ஏற்றவர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்து, பத்திரிகையாளராகப் பேர் பெற்ற எஸ். ராஜரத்தினம். செப்டம்பர் 21ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபையின் 117ஆவது உறுப்பினராகச் சிங்கப்பூர் சேர்ந்துகொண்டது. அன்று தொடங்கி 1980 வரை அவர் வகுத்து நடத்திய கொள்கையே, அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் வழியாயிற்று.

அக்கொள்கையின் சாரம் எளிமையானது. எந்த நாடும், அது எத்தனை பெரியதாயினும், எத்தனை நல்ல காரணத்தைக் காட்டினாலும், இன்னொரு நாட்டின் எல்லையைப் படைகொண்டு கடந்து, அங்கே தனக்கு இசைந்த அரசை நிறுவலாகாது. இதில் சுயநலம் கலந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பலாத்காரத்துக்கு இடங்கொடுக்கும் உலகத்தில் முதலில் விழுங்கப்படுவது தானே என்று உணர்ந்த நாடுதான் இந்த விதியை உரக்கச் சொல்லும். ஆயினும், சுயநலத்தில் பிறந்தது என்பதனால் மட்டுமே ஒரு விதி அறமற்றதாகிவிடாது. கொலை கூடாது என்னும் விதியை ஒவ்வொருவரும் தம் உயிரின்மேல் உள்ள ஆசையினாலும் போற்றுகிறார்கள். அதனால் அவ்விதியின் மேன்மை குன்றிப் போவதில்லை. விதி தனக்கு நஷ்டம் தரும் வேளையிலும் அதைக் கைவிடாதிருக்கிறானா என்பதைக் கொண்டே அதைச் சொல்பவனுடைய நேர்மையை அளக்க முடியும்.

அத்தகைய நஷ்டத்துக்கு முதல் சந்தர்ப்பம் விரைவிலேயே வந்தது. பிரிவினைக்கு முன்பே, 1965 மார்ச் 10ஆம் நாள், சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையிலுள்ள மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் வெடித்த குண்டு மூவரைக் கொன்று, முப்பதுக்கும் மேற்பட்டோரைக் காயப்படுத்தியது. சாதாரண உடையில் வந்து அதை வைத்த இந்தோனேசியக் கடற்படை வீரர் இருவர் பிடிபட்டு மரண தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற மேல்முறையீடும் பலிக்கவில்லை. அதற்குள் ஜகார்த்தாவில் ஆட்சி மாறிவிட்டது, கொன்ஃப்ரொன்தாசியும் முடிந்துவிட்டது. புதிய அதிபர் சுகார்த்தோ, இரு நாடுகளின் நட்பை முன்னிட்டு அவ்விருவரின் உயிரையும் காக்கவேண்டும் என்று அந்தரங்கத் தூதர் ஒருவரை அனுப்பிக் கேட்டுக்கொண்டார். பிரிட்டன் தன் படைகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளப் போவதாக 1968 ஜனவரியில்தான் அறிவித்திருந்தது. சிங்கப்பூரின் சொந்தச் சேனையோ அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும், அவ்வாண்டு அக்டோபர் 17ஆம் நாள் தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஜகார்த்தாவிலிருந்த சிங்கப்பூர்த் தூதரகத்தை ஒரு கும்பல் புகுந்து சூறையாடியது. தூக்கிலிடப்பட்டவர்களை இந்தோனேசியா தேசிய வீரர்கள் என்று போற்றியது.

பெரிய அண்டை நாட்டின் வேண்டுகோளுக்காக நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒருமுறை வளைந்தால், பிறகு அது வளையாத நாளே இராது என்பது சிங்கப்பூர் அரசு எடுத்த நிலை. அது வலிமையான நியாயம். குண்டுக்குப் பலியான மூவரும் போருக்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லாத, உழைத்துப் பிழைத்த சாதாரண ஜனங்கள். அவர்களுடைய உயிருக்கு மதிப்பு உண்டு என்று சொல்ல அவர்களுடைய அரசைத் தவிர வேறு யார் இருந்தார்கள்? ஆனாலும் இந்த நியாயத்தின் உள்ளே ஓர் ஆபத்தும் பதுங்கியிருக்கிறது. மேலதிகாரியின் உத்தரவை நிறைவேற்றிய இரு போர்வீரர், அந்த உத்தரவைக் கொடுத்த போரே முடிந்துவிட்ட பின்னர், கருணைக்குத் தகுதியுடையவர்களா இல்லையா என்னும் கேள்வியை அதன் சொந்த எடையில் நிறுத்துப் பார்க்க வேண்டும். அவர்களுடைய மரணம் அண்டை நாட்டுக்கு அனுப்பப்படும் ஒரு செய்தியாக மாறிவிட்டால், அந்தக் கேள்வியைக் கேட்பவரே இல்லாமல் போகிறார்கள். ஒரு தேசத்தின் உறுதியை நிரூபிப்பதற்கு மனித உயிர் சாதனமாகக் கூடாது என்பது, அந்தத் தேசம் எத்தனை சிறியதாயினும், எத்தனை அஞ்சியதாயினும், தளர்த்த முடியாத விதி. 1973இல் இந்தோனேசியாவுக்குச் சென்ற பிரதமர் லீ குவான் யூ, கலிபாத்தா வீரர் மயானத்தில் அவ்விருவர் சமாதியிலும் மலர் தூவினார். தண்டனை தவறு என்று அவர் சொல்லவில்லை. சொல்லும்படி வற்புறுத்தியிருந்தால் போயிருக்கவும் மாட்டார். நீதியை விட்டுக்கொடாமலே இறந்தவர்க்கு மரியாதை செய்யலாம் என்பதைக் காட்டிய அச்செயல், அவ்விரு நாடுகளின் உறவில் நடந்த உயர்ந்த காரியங்களுள் ஒன்று என்றே கருதத் தோன்றுகிறது.

இரண்டாவது சோதனை பகைவரிடமிருந்து வராமல் நண்பரிடமிருந்து வந்தது. 1983 அக்டோபர் 25ஆம் நாள், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களே வாழும் கரீபியத் தீவாகிய கிரெனடாவில் அமெரிக்கப் படைகள் இறங்கின. அங்கே பிரதமர் மாரிஸ் பிஷப்பை அவருடைய தோழர்களே ஆறு நாட்களுக்கு முன் கொன்றிருந்தார்கள். அக்கம்பக்கத்துத் தீவுகளும் அமெரிக்காவை வரவேற்றன. சிங்கப்பூரின் பாதுகாப்புக்கும் வர்த்தகத்துக்கும் அமெரிக்காவே பெருந்துணை. இருந்தும், நவம்பர் 2ஆம் நாள் அந்த ஆக்கிரமிப்பை 108 நாடுகள் பொதுச்சபையில் கண்டித்தபோது, சிங்கப்பூரும் அவற்றுள் ஒன்றாக நின்றது. இது புகழத்தக்கது. ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு முன், 1975 டிசம்பரில், இந்தோனேசியா கிழக்குத் தீமோருக்குள் புகுந்தபோது அதே சபையில் சிங்கப்பூர் எப்பக்கமும் சேராமல் ஒதுங்கியது என்பதையும் உடன் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாகும். தொலைவிலுள்ள நண்பரைக் கண்டிக்க வேண்டிய துணிவு வேறு, கண்ணுக்கெட்டும் தூரத்திலுள்ள அண்டை வீட்டாரைக் கண்டிக்க வேண்டிய துணிவு வேறு. எதிராகப் பேச முடியாத இடத்தில் ஆதரித்துப் பேசாமலாவது இருப்பது சிறிய நாட்டுக்கு எஞ்சிய நேர்மை என்று அந்த ஒதுக்கத்தைச் சிலர் போற்றுவார்கள். அந்த மட்டில் ஒப்புக்கொள்ளலாம். தீமோர் மக்களுக்கு அதனால் ஒரு பயனும் விளையவில்லை.

எல்லாவற்றிலும் கடினமான சோதனை கம்போடியா. அங்கே 1975 முதல் போல் பாட்டின் கெமர் ரூஜ் நடத்திய ஆட்சியில் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டவர்கள் பதினைந்து லட்சத்துக்கும் இருபது லட்சத்துக்கும் இடைப்பட்டவர்கள் என்று கணக்கிடப்படுகிறது. அதாவது, நாலில் ஒருவர் அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. 1978 டிசம்பர் 25ஆம் நாள் வியட்நாம் படையெடுத்தது. 1979 ஜனவரி 7இல் புனோம்பென் வீழ்ந்தது. ஹெங் சம்ரின் தலைமையில் வியட்நாமுக்கு உகந்த ஓர் அரசு அமைந்தது. வியட்நாம் கம்போடிய மக்களின் துயரத்துக்கு இரங்கிப் புறப்படவில்லை. தன் எல்லைக் கிராமங்களைக் கெமர் ரூஜ் தாக்கியதும், அதற்குச் சீனா துணை நின்றதுமே அதை இயக்கின. என்றாலும், கொலைக்களம் மூடப்பட்டது அந்தப் படையால்தான். விதிப்படி பார்த்தால் அது ஆக்கிரமிப்பு. உயிர் தப்பியவன் கண்ணால் பார்த்தால் அது விடுதலை. இரண்டும் ஒருங்கே உண்மை.

விதியின் பக்கம் சிங்கப்பூர் நின்றதில் வியப்பில்லை. நின்றதைத் தவறென்றும் சொல்ல முடியாது. வியட்நாமின் சேனை தாய்லாந்தின் வாசலுக்கு வந்துவிட்ட நிலையில், கொடுங்கோலனை நீக்குவதற்காக என்று சொல்லிக்கொண்டு எவரும் எங்கும் புகலாம் என்ற வழக்கத்தை ஒப்புக்கொள்வது, நாளைக்குத் தன் கதவையும் திறந்து வைப்பதாகும். அதே 1979இல் தான்சானியா உகாண்டாவுக்குள் புகுந்து இடி அமீனைத் துரத்தியபோது உலகம் இத்தனை கூச்சலிடவில்லையே என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆயினும் தான்சானியா அடுத்த நாட்டையும் விழுங்கும் என்று அஞ்சியவர்கள் அதிகமில்லை. வியட்நாமைப் பற்றி அஞ்சியவர்கள் பலர் இருந்தார்கள். ஆகவே, படை விலக வேண்டும் என்று கேட்டது சரி. பிழை தொடங்கிய இடம் வேறு. ஐக்கிய நாடுகள் சபையில் கம்போடியாவின் ஆசனம் போல் பாட்டின் பிரதிநிதிகளுக்கே உரியது என்று வாதாடி, அதற்காக வாக்குச் சேர்ப்பதில் சிங்கப்பூரின் தூதர்கள் முன்னணியில் நின்றார்கள். 1979 செப்டம்பரில் 71 நாடுகள் ஆதரித்தும், 35 நாடுகள் எதிர்த்தும், 34 நாடுகள் ஒதுங்கியும், அந்த ஆசனம் கொன்றவர் கையிலேயே விடப்பட்டது.

வேறு வழி இருந்ததா என்பதே இங்கே அறத்தின் கேள்வி. இருந்தது. அதே மாதத்தில் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு, கம்போடியாவின் இடத்தைக் காலியாக விட்டது. ராஜரத்தினம் அங்கே அதைக் கடுமையாக எதிர்த்தார். காலி நாற்காலி என்பது ஆக்கிரமிப்பை ஏற்றுக்கொள்வதற்குப் போடும் முதல் படி என்று அவர் பக்கத்தார் கருதினார்கள். கியூபாவின் தலைமையில், சோவியத் நாட்டின் செல்வாக்குக்கு உட்பட்டுக் கூடிய அந்தச் சபையில் அப்படிச் சந்தேகிக்கக் காரணமும் இருந்தது. ஆனால் ஆஸ்திரேலியா 1981இல் போல் பாட் அரசுக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை நீக்கிக்கொண்டபோது ஹெங் சம்ரினையும் அங்கீகரிக்கவில்லை. அதனால் வியட்நாம் அங்கே நுழைந்தது நியாயமென்று ஆகிவிடவும் இல்லை. ஒருவனுடைய வீட்டில் அயலான் புகுந்துவிட்டான் என்று கண்டிப்பதற்கு, அந்த வீட்டிலிருந்த பிள்ளைகளைக் கொன்றவனிடமே சாவியைத் திரும்பக் கொடுக்கவேண்டும் என்று எந்த நீதியும் கட்டளையிடுவதில்லை.

அந்த நிலை நெஞ்சை உறுத்தியது என்பதற்குச் சிங்கப்பூரின் பின்னைய செயல்களே சாட்சி. 1981 செப்டம்பரில் கம்யூனிஸ்டு அல்லாத பிரிவுகளின் தலைவர்களாகிய இளவரசர் சிகானூக்கையும், சோன் சான்னையும், கெமர் ரூஜின் தலைவருள் ஒருவரான கியூ சம்பானையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தது சிங்கப்பூர் நகரம். மறு ஆண்டு ஜூனில் கோலாலம்பூரில் அம்மூவரின் கூட்டணி அரசு அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்டு அல்லாத பிரிவினர் ஓங்கவேண்டும் என்று அவர்களுக்குச் சிங்கப்பூர் ஆயுதமும் கொடுத்தது. கறை படிந்த பெயரை இரண்டு நல்ல பெயர்களுக்கு நடுவே வைத்து மறைக்கும் முயற்சி என்று ஒருவர் அதைச் சொல்லலாம். கறையைத் துடைக்க இயன்றதைச் செய்தார்கள் என்று மற்றொருவர் சொல்லலாம். இரண்டாவது கருத்தே உண்மைக்கு நெருங்கியது என்று பட்டாலும், வியட்நாம் படை விலகிய 1989க்கும், பாரிசில் உடன்படிக்கை கையெழுத்தான 1991க்கும் இடையே கழிந்த நாட்களில், எல்லைக் காட்டில் மிகப் பலமுள்ள சேனையாகக் கெமர் ரூஜே இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

இந்தக் கணக்கில் தூதர்களின் பங்கு தனியே எண்ணத்தக்கது. சிறிய நாட்டின் தூதுக்குழுவில் ஆட்கள் சிலரே; பணம் குறைவு; பின்னால் நிற்கும் கப்பற்படையும் இல்லை. ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் பிரதிநிதிகளை ஒவ்வொருவராகக் கண்டு, சட்ட நுணுக்கத்தை விளக்கி, அறிவினாலும் நட்பினாலும் வாக்குகளைத் திரட்டுவதே அவர்களுடைய பலம். அந்தப் பலம் எத்தனை பெரியது என்பதற்கு, முப்பது வயதில் நிரந்தரப் பிரதிநிதியாக நியூயார்க்குக்குச் சென்ற டாமி கோ, பின்னாளில் கடற்சட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, 1982இல் உலகம் முழுவதற்குமான ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றிக் கொடுத்ததே அத்தாட்சி. அவ்வளவு திறமை வாய்ந்தவர்கள் ஒரு வழக்கை எடுத்துக்கொண்டால் வெல்வார்கள். ஆகையால் எந்த வழக்கை எடுப்பது என்ற பொறுப்பும் அவர்களை அனுப்பியவர்களுக்கு அந்த அளவில் கூடுகிறது. பலமில்லாத நாட்டின் வாக்கு எதையும் மாற்றாது, ஆகவே அது எப்படி வாக்களித்தாலும் பாபமில்லை என்னும் சமாதானம், தன் தூதர்களால் சபையின் முடிவையே உருவாக்கிக் காட்டிய ஒரு நாட்டுக்குப் பொருந்தாது.

2022இல் ருஷியா உக்ரைனுக்குள் புகுந்தபோது, தென்கிழக்காசிய நாடுகளுள் சிங்கப்பூர் மட்டுமே தானாக முன்வந்து ருஷியாமீது தடைகளை விதித்தது. ராஜரத்தினத்தின் விதி இன்னும் உயிரோடிருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் புனோம்பென்னில், ஐக்கிய நாடுகளின் துணையோடு நடந்த நீதிமன்றம், வியட்நாமியச் சிறுபான்மையினரை இனப்படுகொலை செய்த குற்றத்துக்காகக் கியூ சம்பானுக்கு 2018இல் அளித்த தீர்ப்பை உறுதி செய்தது. நாங்கள் ஆதரித்தது கம்போடியா என்னும் நாட்டை, அதன் பெயரால் பேசிய மனிதரை ஆதரிக்கவில்லை என்று அக்காலத்து அதிகாரிகள் விடை சொல்லக்கூடும். அந்த விடையில் நேர்மையும் உண்டு. ஆனால் நியூயார்க்கில் அந்த ஆசனத்தில் ஆண்டுதோறும் வந்து அமர்ந்தவர் கெமர் ரூஜின் தூதராகிய தியூன் பிரசித். கூட்டணி அரசு ஏற்பட்ட பின்னரும் அவரே அமர்ந்தார். கம்போடியாவில் உயிர் தப்பியவர்களின் சார்பில் பேசும் உரிமை உலகத்தின் சபையில் அவருக்கே இருந்தது.