பழகிய நாக்கின் சாட்சியம்

கிராஃப்ட் பியரை முதன்முதலாக வாயில் வைக்கும் பலர் முகம் சுளிக்கிறார்கள். அதில் வியப்பில்லை. கசப்பை அறியவென்றே மனித உடலில் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. நஞ்சுள்ள தாவரங்கள் பலவும் கசக்கும் என்பதால், நாக்கில் கசப்பு பட்டதும் துப்பச் சொல்வது உடலின் பழைய புத்தி. கொதிக்கும் மால்ட் வடிநீரில் ஹாப்ஸ் பூவைப் போடும்போது அதிலுள்ள ஆல்பா அமிலங்கள் உருமாறுகின்றன. அந்த உருமாறிய அமிலங்கள்தான் கசப்பு ஏற்பிகளைத் தூண்டுகின்றன. ஆகவே முதல் மிடறில் வரும் வெறுப்பு அறியாமையால் வருவதன்று. உடல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆனால் அதே ஆள் சில மாதங்கள் கழித்து, இன்னும் கசப்பானது இருக்கிறதா என்று கேட்கிறார். அன்று வேண்டாம் என்றவர், இன்று அபாரம் என்கிறார். இருவரில் யார் சொல்வதை நம்புவது? பழகிப் பெற்ற ருசி ஒரு கண்டடைதலா, அல்லது நமக்கு நாமே செய்துகொண்ட வசியமா? இசை, கவிதை, வழிபாடு என்று பழக்கத்தால் மட்டுமே திறக்கும் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். பியரில் அதைச் சோதித்துப் பார்ப்பது எளிது, அவ்வளவுதான்.

அமெரிக்கத் தத்துவவாதி டேனியல் டென்னட் 1988இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் பியரையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். பழகிய பிறகு மாறியது எது என்பது அவர் கேள்வி. பியரின் சுவையே வேறாகத் தெரிகிறதா, அல்லது சுவை அப்படியே இருக்க, அதன் மேல் நமக்கிருந்த அபிப்பிராயம் மட்டும் மாறியதா? முதல் நாள் சுவையே நீடித்திருந்தால் தொடர்ந்து குடித்திருப்பேனா என்பார் ஒருவர். சுவை அதேதான், எனக்குத்தான் பிடித்துப்போனது என்பார் இன்னொருவர். மனதுக்குள் எட்டிப் பார்த்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்று டென்னட் வாதிட்டார். அது சரிதான். பழைய சுவையை நினைவிலிருந்து எடுத்துவந்து ஒப்பிடுவதும் இன்றைய மனம்தானே. ஆனால் உள்ளே தீராத வழக்கை வெளியே கொண்டுவரலாம் என்பது என் கட்சி. ருசி பழகியவர் எதைக் கூடுதலாக ரசிக்கிறார் என்று கேட்பதில் பயனில்லை. எதைக் கூடுதலாகக் கண்டுபிடிக்கிறார் என்று கேட்க வேண்டும்.

பழக்கம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். 1970களின் இறுதியில் அமெரிக்கா முழுவதிலும் நூறுக்கும் குறைவான பியர் நிறுவனங்களே இருந்தன. சந்தையை ஆண்டது வெளிர் மஞ்சள் லாகர். அதன் கசப்பு, ஐபியு என்ற அளவையில், மிகக் குறைவாகவே இருந்தது. கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் கென் கிராஸ்மேன் 1980இல் காய்ச்சத் தொடங்கிய சியெரா நெவாடா பேல் ஏலுக்கு அந்த அளவு நாற்பதை நெருங்கியது. ஆனால் அந்த பியரின் பெயர் பரவியதற்குக் காரணம் கசப்பு அல்ல. 1972இல் வெளியிடப்பட்ட காஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் தந்த பம்பளிமாஸ் மணமும் பைன் மர வாசமும்தான். புதியவருக்கு இந்த மணம் எட்டுவதில்லை. கசப்பு எழுப்பும் எச்சரிக்கை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. திரும்பத் திரும்பச் சந்திக்கும் ஒன்றின் மேல் மனிதருக்கு இணக்கம் கூடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் காட்டினார். உடலுக்கு ஆபத்தில்லை என்று தெரியத் தெரிய எச்சரிக்கை தணிகிறது. தணிந்த இடத்தில் மணம் மேலே வருகிறது. வத்தக்குழம்பில் சுண்டைக்காயைத் தட்டில் ஒதுக்கும் பிள்ளை, வளர்ந்த பின் அதையே தேடி எடுப்பதும் இப்படித்தான். சொல்லப்போனால், வெர்மான்ட்டில் தொடங்கிப் பரவிய கலங்கலான இந்தியா பேல் ஏல்கள், அதாவது ஐபிஏக்கள், கசப்பைக் குறைத்துப் பழமணத்தைக் கூட்டியதால், இன்று பலருக்கு இந்த வாசல் சுலபமாகவே திறக்கிறது. பழைய கசப்புப் பிரியர்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம். வேறொன்றுமில்லை, தாங்கள் பட்ட பாட்டைப் பின்னால் வந்தவர்கள் படவில்லையே என்ற வருத்தம்.

மணம் மேலே வருகிறது என்பது வெறும் பேச்சில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? தத்துவவாதி டேவிட் ஹியூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதியபோது டான் குவிக்சோட் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொண்டார். சாஞ்சோ பான்சாவின் உறவினர் இருவர் ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைக்கிறார்கள். நல்ல சரக்குதான், ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறார் ஒருவர். நல்ல சரக்குதான், இரும்பு வாடை என்கிறார் மற்றவர். கேட்டவர்கள் இருவரையும் கேலி செய்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் கிடந்தது தோல்வாரில் கட்டிய ஒரு சாவி. பியர் உலகில் அந்தச் சாவியை வேண்டுமென்றே போட்டு வைக்கிறார்கள். அமெரிக்காவில் 1985 முதல் பியர் நடுவர்களுக்குத் தேர்வும் சான்றிதழும் உண்டு. சுவைப் பயிற்சிகளில் நல்ல பியரில் குறிப்பிட்ட வேதிப்பொருளைச் சொட்டு அளவில் கலந்து, பெயர் சொல்லாமல் தருவது வழக்கம். டையசெட்டைல் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தாலே பயின்றவர் வெண்ணெய் வாடை என்பார். டைமெத்தில் சல்ஃபைடுக்கு வேகவைத்த சோள வாடை. பச்சைப் புட்டியில் வெயில் பட்ட பியரில் ஒளி ஹாப்ஸ் சேர்மங்களை உடைத்து ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றத்தை உண்டாக்கும். பயின்றவர் முகர்ந்ததுமே கோப்பையைத் தள்ளிவைப்பார். பழகாதவரோ, ஏதோ சரியில்லை என்பதோடு நின்றுவிடுகிறார், பல நேரம் அதுகூட இல்லை. விடை கோப்பைக்குள் இருக்கிறது. சொன்னது சரியா தவறா என்று மூன்றாவது ஆள் சரிபார்க்கலாம். வசியத்தால் இது ஆகாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 1964இல் ஆலிசன், உல் என்ற இருவர் நடத்திய ஆய்வில், லேபிள் இல்லாதபோது மக்களால் தங்கள் அபிமான பியரைப் பிரித்தறிய முடியவில்லை. லேபிள் ஒட்டியதும் அதற்கே கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். 2006இல் லீ, ஃப்ரெடெரிக், ஆரியெலி ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியமானது. பியரில் சில சொட்டு பால்சமிக் வினிகர் கலந்து தந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் தந்தபோது பலரும் அதையே விரும்பினார்கள். குடிக்கும் முன்பே சொன்னால் பிடிக்கவில்லை. குடித்த பிறகு சொன்னால் விருப்பம் பெரிதாகக் குறையவில்லை. அதாவது முன்கூட்டிக் கிடைத்த செய்தி, தீர்ப்பை மட்டுமன்றி, சுவைக்கும் அனுபவத்தையே மாற்றிவிடுகிறது. அப்படியானால் 'சிறு ஆலை', 'கைப்பக்குவம்' என்ற லேபிள்களும் அதே வேலையைத்தானே செய்கின்றன? செய்கின்றன. கிராஃப்ட் பியர் மோகத்தில் கணிசமான பங்கு இதுதான் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் முதல் ஆய்வில் தோற்றது, ஒன்றுபோலிருக்கும்படியே தயாராகும் லாகர்களின் மேல் இருந்த பிராண்ட் விசுவாசம். இரண்டாவது ஆய்வு காட்டுவது, எதிர்பார்ப்பு விருப்பத்தைத் திருப்பும் என்பதை. பெயர் தெரியாத கோப்பையில் இருக்கும் டையசெட்டைலை எதிர்பார்ப்பால் கண்டுபிடிக்க முடியாது.

ஜான் ஸ்டூவர்ட் மில்லின் வழியில் பதில் சொல்பவர்களும் உண்டு: இரண்டையும் அனுபவித்தவர் எதைத் தேர்கிறாரோ அதுவே உயர்ந்தது. இந்தப் பதில் ஓட்டையானது. பிடிக்காதவர்கள் பாதியில் விலகிவிட, எஞ்சியவர்களை மட்டும் அனுபவசாலிகள் என்று எண்ணினால் தீர்ப்பு ஒருதலைப்பட்சமாகத்தான் வரும். எல்லாப் பக்தர் கூட்டங்களிலும் நடப்பது இதுவே. ஆகவே விருப்பத்தைத் தகுதியாக வைக்கக்கூடாது, பகுத்தறியும் திறனைத்தான் வைக்க வேண்டும். ஐபிஏவைத் தன் வீட்டுக்கு ஒருபோதும் வாங்காத நடுவர்கூட, முன்னால் இருக்கும் இரண்டு ஐபிஏக்களில் எது பழுதில்லாதது என்று சொல்லிவிடலாம். அவர் சாட்சியம்தான் செல்லும். ரசிகர் வேண்டாம் என்று சொல்லக் கற்றிருக்கிறாரா என்பதே கேள்வி. பழக்கம் ஏற ஏற நிராகரிப்பவை பெருகினால் அது ரசனை. கையில் கிடைப்பதெல்லாம் சரி என்று ஆகிவிட்டால் அதற்குப் பெயர் வேறு.

அந்த வேறு பெயரை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. போதை தரும் இன்பத்தோடு சேர்ந்து வந்ததாலேயே கசப்பு பிடித்துப்போனது என்ற மறுப்பு, மற்ற எல்லா மறுப்புகளையும்விடக் கனமானது. பழகியவர் பலர் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கும். இதையும் கோப்பையை வைத்தே சோதிக்கலாம். ஆல்கஹால் இல்லாத ஹாப்ஸ் பியரை மட்டுமே காய்ச்சும் அத்லெட்டிக் புரூயிங் போன்ற ஆலைகள் இப்போது அமெரிக்காவில் இருக்கின்றன. அந்த பியரில் ஆல்கஹால் அரை சதவீதத்துக்கும் குறைவு. கசப்பும் மணமும் இருக்கின்றன. ருசிக்காகத்தான் குடிக்கிறேன் என்பவர் அதையும் கேட்டு வாங்குகிறார் என்றால் அவர் சொல்வதை நம்பலாம்.