பழைய பிடி



போன வாரம் கெலுகோரில் நம் பங்குக் குடும்பம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்காரர் வாசலில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார். சுவரோரம் கோல்ஃப் மட்டைகள் சாய்ந்திருந்தன. ஆட்டத்தில் ஒருவர் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாமாம். அவரிடம் 14-உம் இருந்தன. சின்ன வயதில் திடலில் பிறருடைய பையைச் சுமந்து நடந்தவர், அவர்கள் கழித்துப்போட்ட மட்டையை வைத்து ஆடக் கற்றவர். அன்று எல்லாவற்றுக்கும் புதுக் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்தார். நானும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பழைய பிடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கண்ணாடிபோல் பளபளத்தது. ரப்பர்தான், வியர்வையும் கை எண்ணெயும் வெயிலும் சேர்ந்து அதை இறுக்கிவிட்டன. "வழுக்கும் ஃபாதர். வழுக்குனா நாம என்ன செய்வோம்? இன்னும் இறுக்கிப் பிடிப்போம். இறுக்குனா தோளும் இறுகிப்போகும், அடி கோணலாத்தான் போகும்" என்றார்.

அந்தப் பேச்சு இந்த வாரம் முழுக்க என்னோடேயே இருந்தது.

இன்றைய நற்செய்தியில் தொழுகைக்கூடத்தில் கை சூம்பிய ஒருவரைப் பார்த்தோம். ஓய்வுநாளில் இயேசு குணமாக்குகிறாரா என்று குற்றம் பிடிக்கக் காத்திருந்தவர்களையும் பார்த்தோம். ஆண்டவர் எதைக் கண்டு வருந்தினார்? அவர்களுடைய பிடிவாதத்தைக் கண்டு என்கிறது நம் தமிழ் விவிலியம். அந்தச் சொல்லுக்குள்ளேயே பிடி இருக்கிறது, கவனியுங்கள். சூம்பிய கை ஒருவருக்குத்தான். மூடிய கையைத் திறக்க முடியாதவர்கள் அங்கே பலர் இருந்தார்கள்.

நம் கைகளும் அப்படித்தான். வளர்ந்த மகள் வேலைக்காகக் கோலாலம்பூர் போய்விட்டாள். கைநழுவிப் போகிறாளோ என்ற பயத்தில் தினமும் நாலு தடவை போன் போட்டுக் கடிந்துகொள்கிறோம். அப்பாவின் வீட்டைப் பங்கு பிரித்த அன்று அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையை இருபது வருடமாக விடாமல் வைத்திருக்கிறோம். பிடித்துப் பிடித்தே அது பளபளப்பாகிவிட்டது. நான் எதை இப்படி இறுக்கிக்கொண்டிருக்கிறேன்? அதை விட்டுவிட்டால் எனக்கு என்ன ஆகிவிடும் என்று அஞ்சுகிறேன்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

உங்களைக் கடிந்துகொள்ள இதைச் சொல்லவில்லை, பிள்ளைகளே. ரப்பர் இறுகுவது ரப்பரின் குற்றமா? நம் தாத்தா பாட்டிமார்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள். 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூரில் வந்திறங்கின. பிறகு இந்த நாடெங்கும் எழுந்த பால்மரத் தோட்டங்களில், விடியுமுன் உளியோடு நிரைக்குப் போனவர்கள் அவர்கள். மங்குக் கிண்ணத்தில் சொட்டும்போது அது பால். மரத்திலேயே தங்கிக் காய்ந்தால் ஒட்டுப்பால். நம் ஊருக்குப் பெயர் தந்த புளிப்புப் பழமான அசாம் கெலுகோரும் அப்படித்தான். வெயிலில் காய்ந்த வில்லை தோல்போல விறைத்திருக்கும். கொதிக்கிற லக்சாக் குழம்பில் போட்டால் இளகி, தன் புளிப்பையெல்லாம் கொடுத்துவிடும். நாமும் வெயில் பட்டவர்கள். எவ்வளவு வெயில் என்று நம்மைப் படைத்தவருக்குத் தெரியும்.

வளைந்த கத்தியால் கீறிப் பிடியை உரிக்க அந்த வீட்டுக்காரருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நேரமெல்லாம் அடியில் ஒட்டியிருந்த பழைய டேப்புக்குத்தான் போனது. ஹேர் டிரையரால் சூடு காட்டினார், நகத்தால் சுரண்டினார், டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தார், பிசுக்குப் போனதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மட்டையைத் தூக்கிப் போடவேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. அதே தண்டு, அதே தலை. "மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டேன் ஃபாதர், ஆனா உள்ளே இன்னும் இருக்கே" என்று என்னிடம் வந்து அழுகிறவர்கள் உண்டு. அழாதீர்கள். பிடி கழன்றுவிட்டது, பிசுக்கு மெல்லத்தான் போகும். அந்த வேலையில் ஆண்டவருக்கு அலுப்பு வருவதில்லை.

பிறகு இருபக்கமும் ஒட்டுகிற புது டேப்பைத் தண்டில் போட்டார். அதன் மேல் பிடியை அப்படியே தள்ளினால் பாதியில் சிக்கிக்கொள்ளும். புதுப் பிடியின் நுனியில் சின்னத் துளை ஒன்று இருக்கிறது. அதை விரலால் அடைத்துக்கொண்டு உள்ளே டர்பன்டைனை ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேலும் வழியவிட்டார். பசை வழுக்கியது. நிறுத்தாமல் ஒரே தள்ளு, பிடி போய் உட்கார்ந்தது. சற்றே கோணலாக உட்கார்ந்ததைத் திருப்பி நேராக்கக் கொஞ்ச நேரமும் கொடுத்தது அந்த ஈரம். ஈரம் என்றால் நம் மொழியில் இரக்கமும்தானே! ஈரமில்லாமல் மகளைத் திருத்தப் போனோம், அண்ணனிடம் நியாயம் பேசப் போனோம், பாதியிலேயே சிக்கிக்கொண்டோம்.

கை சூம்பியவரை ஆண்டவர் எப்படி நடத்தினார் பாருங்கள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. நீட்ட முடியாத கையை நீட்டச் சொன்னார். நீட்டுவதற்கான வலிமையும் அந்தச் சொல்லோடேயே வந்தது.

14-உம் முடிந்ததும் வீட்டுக்காரர் மட்டைகளைச் சுவரில் வரிசையாகச் சாய்த்துவைத்தார். ஒன்றை எடுத்துப் பார்க்கக் கை நீட்டினேன், தடுத்துவிட்டார். "நாளைக்குக் காலையில ஃபாதர். ராத்திரி பூரா அது சும்மா இருக்கணும்."

வரும் சனிக்கிழமை, மாலைத் திருப்பலிக்கு ஒரு மணி நேரம் முன்பே ஒப்புரவு அருளடையாளத்துக்காக வந்து உட்கார்ந்திருப்பேன். என்ன சொல்வது, எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டாலும் வாருங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.